மலைமேல் வீடு வாங்கும் முன்: வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகந்தி நர்சிங் முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

தென் கலிஃபோர்னியாவில் இருக்கிற உங்கள் இர்வைன் வீட்டை விற்றுவிட்டு, நீங்கள் நான் இருக்கிற நாபா கவுண்டி மலையூர் ஆங்வினுக்கே குடிவரலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ பக்கத்தில் வந்துவிட்டால் எனக்கு வேறென்ன வேண்டும்! அதனால்தான் அவசரப்படாதே என்கிறேன். நீ அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு ஏக்கர், ஓக் மரங்கள், பின்னாலேயே திராட்சைத் தோட்டம், எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் இந்த மலையில் வீடு பார்க்கிற வரிசை வேறு. முதலில் இன்சூரன்ஸ், அடுத்தது தண்ணீர், அதற்கடுத்தது செப்டிக் டேங்க். இந்த மூன்றும் தேறிய பிறகுதான் சமையலறை, ஜன்னல், காட்சி எல்லாம்.

இன்சூரன்ஸை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அது கிடைக்காவிட்டால் வங்கி கடன் தராது. 2020-இல் இந்த மலைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 17-ஆம் தேதி மின்னல் விழுந்து கிளம்பிய ஹென்னஸி என்ற காட்டுத்தீ கிழக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஆறு வாரத்துக்குள், செப்டம்பர் 27-ஆம் தேதி, மேற்கே மலையடிவார டியர் பார்க்கில் கிளாஸ் என்று பெயரிட்ட இன்னொரு காட்டுத்தீ பிடித்து 67,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. இரண்டு தடவையும் ஆங்வினைக் காலி செய்யச் சொன்னார்கள். இதை உன்னிடம் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிருந்து இறங்க முக்கியமாக இரண்டே திசைதான்: டியர் பார்க் ரோடு வழியாக செயின்ட் ஹெலினா பக்கம், அல்லது ஹவல் மவுண்டன் ரோடு வழியாகப் போப் பள்ளத்தாக்குப் பக்கம். தீ எந்தப் பக்கமும் வரலாம். ஆகவே வீடு பார்க்க வரும்போது ஒரு தடவை இந்த வழியாக ஏறி அந்த வழியாக இறங்கிப் பாருங்கள். இருட்டின பிறகும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அத்தையை உட்காரவைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்க முடியுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்தத் தீக்குப் பிறகு பல கம்பெனிகள் மலைவீடுகளுக்குப் புதுப் பாலிசி தருவதில்லை. வேறு யாரும் தராதபோது கைகொடுப்பது கலிஃபோர்னியா ஃபேர் பிளான். அது தீ, மின்னல், புகை மாதிரி சிலவற்றுக்கு மட்டும்தான். திருட்டு, குழாய் வெடிப்பு, வாசலில் யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போடுவது எதுவும் அதில் அடங்காது. அதற்கென்று கூடுதலாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேள். இன்னொன்று, வீடு போனால் புதிதாகக் கட்டுகிற செலவைத் தருவார்களா, பழசானதற்குக் கழித்துக்கொண்டு தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கு. வருஷப் பணம் குறைவாகத் தெரிகிற பாலிசியில் பெரும்பாலும் அந்தக் கழிவு ஒளிந்திருக்கும். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் சோதனைகளுக்கு வழக்கமாக 17 நாள் அவகாசம் உண்டு. முதல் நாளே ஏஜென்ட்டைக் கூப்பிடு. கடைசி வாரம் வரை தள்ளினால் முன்பணம் மாட்டிக்கொள்ளும்.

இதோடு சேர்ந்தது வீட்டைச் சுற்றியிருக்கிற இடம். இப்படிப்பட்ட பகுதியில் விற்பவர், வீட்டைச் சுற்றிப் புல்பூண்டு சட்டப்படி அகற்றப்பட்டிருக்கிறது என்பதற்கான சோதனைச் சான்றைத் தர வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் விதி. அது இல்லாவிட்டால், வாங்கின ஒரு வருஷத்துக்குள் அதை முடிப்பது வாங்கினவர் பொறுப்பு. அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள். சட்டம் சொல்வது வீட்டைச் சுற்றி 100 அடி. அதில் முதல் 5 அடிதான் உயிர். பெரும்பாலான வீடுகள் நேரடியாகத் தீ நாக்கு பட்டு எரிவதில்லை. காற்றில் பறந்து வருகிற கங்கு, சுவரை ஒட்டிக் கிடக்கிற மரத்தூளிலோ கூரைத் தாழ்வாரத்துச் சருகிலோ விழுந்து, அங்கிருந்து பற்றுகிறது. ஆகவே சுவரோரம் சரளைக் கல்தான் இருக்க வேண்டும். ரோஜாச் செடியோ தென்னை நார் மிதியடியோ வேண்டாம். மரவேலி வீட்டைத் தொடுகிற கடைசி 5 அடியை இரும்பாக மாற்ற வேண்டும். கூரைக்கடியில் இருக்கிற பரணுக்கும் தரையடிக்கும் காற்றுப் போகிற துவாரங்களில் கம்பிவலை இருக்கும். அதன் கண் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் கங்கு உள்ளே போய்விடும். பழைய வீடுகளில் கால் அங்குல வலைதான் இருக்கும். நீ வரும்போது ஒரு சின்ன ஸ்கேல் கொண்டு வா, நாமே அளந்து பார்த்துவிடலாம். விறகு அடுக்கு வீட்டிலிருந்து 30 அடி தள்ளி. காய்ந்த புல்லைக் காலை 10 மணிக்குள் வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறின பிறகு இயந்திரத்தின் பிளேடு கல்லில் பட்டால் அந்தப் பொறியே போதும்.

இனி தண்ணீர். ஆங்வினில் சில தெருக்களுக்கு ஹவல் மவுண்டன் மியூச்சுவல் வாட்டர் கம்பெனி தண்ணீர் தருகிறது. நீ பார்க்கிற வீட்டுக்குப் போர்வெல் என்று விளம்பரத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 40 அங்குலம் ஒட்டி மழை பெய்கிற ஊர்தான் இது. ஆனால் அதில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட ஒரு சொட்டும் கிடையாது. ஏப்ரலில் எடுத்த போர்வெல் ரிப்போர்ட்டை நம்பாதே. செப்டம்பர், அக்டோபரில் எடுத்ததைக் கேள். நான்கு மணி நேரமாவது தொடர்ந்து மோட்டார் ஓட்டி, நிமிஷத்துக்கு எத்தனை கேலன் நிலையாக வருகிறது என்று பார்க்க வேண்டும். எண் சின்னதாக இருந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு கேலன் என்றால் நாளைக்கு 1,440 கேலன். நான்கு பேர் வீட்டுக்கு உள்செலவு 300 கேலன் வரும். மெதுவாக ஊறினாலும் தேக்கிவைக்கப் பெரிய தொட்டி இருந்தால் போதும். ஊற்றும் குறைவு, தொட்டியும் இல்லை என்றால்தான் சிக்கல். 2,500 கேலனுக்குக் குறையாத தொட்டியாகப் பார். தீயணைப்பு வண்டி வந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

தண்ணீரை லேபுக்கு அனுப்பும்போது கிருமி, நைட்ரேட்டோடு நிறுத்தாமல் ஆர்சனிக், போரான், இரும்பு, மாங்கனீஸ் எல்லாம் எழுதிக் கொடு. எரிமலைப் பாறை மண், அதனால் இரும்பு சகஜம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் துணியில் கறை ஏறும். அத்தையின் வெள்ளைப் புடவையில் செம்மஞ்சள் திட்டு விழுந்தால் நம் கை தானாக பிளீச்சிங் டப்பாவைத் தேடும். அதைமட்டும் செய்யாதே! குளோரின் பட்டால் கரைந்திருக்கிற இரும்பு துருவாக மாறி நூலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்து அலசினால் போகும். நிரந்தரத் தீர்வு இரும்பு வடிகட்டிதான், அதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும்.

போர்வெல் தண்ணீரை அழுத்தத்தோடு குழாய்களுக்குத் தள்ளுகிற பிரஷர் டேங்க்கையும் பார்த்துவிடு. குழாயைத் திறந்துவைத்துவிட்டு அழுத்தமானியைக் கவனி. சாதாரணமாக முள் 60-இலிருந்து மெல்ல 40-க்கு இறங்கும், அப்போது மோட்டார் ஓடத் தொடங்கும். முள் சட்சட்டென்று மேலும் கீழும் குதித்து, மோட்டார் சில நொடிக்கு ஒரு தடவை ஓடி ஓடி நின்றால், உள்ளே ரப்பர் பை கிழிந்திருக்கலாம். டேங்க்கின் தலையில் சைக்கிள் டியூப்பில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். அதன் ஊசியை லேசாக அழுத்து. காற்று வந்தால் சரி, தண்ணீர் பீய்ச்சினால் டேங்க் போச்சு. டேங்க் விலை பெரிதில்லை. ஆனால் அப்படி ஓடி ஓடி நிற்கிற மோட்டார் சீக்கிரமே எரிந்துபோகும். அது பல நூறு அடி ஆழத்தில் கிடக்கிறது, மேலே எடுக்கவே வண்டி வர வேண்டும்.

கரண்ட் இல்லாவிட்டால் மோட்டாரும் இல்லை. இலையுதிர் காலத்தில் வறண்ட காற்று பலமாக வீசும் என்று தெரிந்தால், கம்பி உரசித் தீப் பிடிக்காமலிருக்க மின் கம்பெனியே முன்கூட்டி இணைப்பைத் துண்டிக்கும். சில சமயம் நாள்கணக்கில். கடையில் மலிவாகக் கிடைக்கிற ஜெனரேட்டர்கள் பல 120 வோல்ட் மட்டும்தான் தரும். போர்வெல் மோட்டாருக்கு 240 வேண்டும், கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஐந்து கிலோவாட்டுக்குக் குறைந்து வாங்காதே. எலக்ட்ரீஷியனை வைத்து மாற்று சுவிட்ச் போட்டுத்தான் இணைக்க வேண்டும். வீட்டு பிளக்கில் நேரே செருகினால் மின்சாரம் திரும்பிக் கம்பத்துக்குப் போய், வேலை செய்துகொண்டிருப்பவர் உயிரைக் குடிக்கும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரொப்பேன் டேங்க். டேங்க் வீட்டோடு சேர்ந்ததா, கேஸ் கம்பெனியின் வாடகைச் சொத்தா என்று கேட்டுவை. 500 கேலன் டேங்க்கில் 80 சதம்தான், அதாவது 400 கேலன்தான் நிரப்புவார்கள்.

செப்டிக் டேங்க்கில் நம் வீட்டுச் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை. எண்ணெய், நெய், காபிச் சக்கை, மாவுக் கழுவல் எதையும் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விடாதே. கொழுப்பு டேங்க்கைத் தாண்டிப் போய்க் கழிவுநீர் இறங்குகிற மண்ணை அடைத்துவிட்டால் புதிதாகத் தோண்ட வேண்டியதுதான், செலவு தாங்காது. வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவு. மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்ச வேண்டும். அந்த மண்மேல் கார் நிறுத்தவோ மரம் நடவோ கூடாது. முக்கியமாக, அத்தைக்குத் தனியாக ஒரு அறை கட்டலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு முன் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் செப்டிக் அனுமதிச் சீட்டை எடுத்துப் பார். டேங்க்கின் அளவைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். மூன்று அறைக்கு அனுமதி வாங்கின வீட்டில் நான்காவது அறை கட்டவேண்டும் என்றால் அதையும் பெரிதாக்கச் சொல்வார்கள், அதற்கு மண் இடம் கொடுக்க வேண்டும்.

திராட்சைத் தோட்டத்துப் பக்கத்தில் குடியிருப்பதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். அது விவசாயம், அவ்வளவுதான். சாம்பல் நோய்க்காக வசந்தத்திலிருந்து கந்தகத் தூள் அடிப்பார்கள். கண் எரியும், சுகந்தியின் அப்பாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போட்டு அறுவடை நடக்கும், டிராக்டர் ஓடும். விவசாயம் செய்கிற உரிமை பற்றிய அறிவிப்பில் வீடு வாங்கும்போதே உன்னிடம் கையெழுத்து வாங்குவார்கள், பிறகு புகார் எடுபடாது. நம் மலையான ஹவல் மவுண்டன் 1983-இலேயே தனித் திராட்சை வட்டாரமாக அறிவிக்கப்பட்டது, 1,400 அடிக்கு மேலே இருக்கிற நிலம் மட்டும்தான் கணக்கு. கோடைக் காலையில் கீழே பள்ளத்தாக்கு பனிமூட்டத்துக்குள் இருக்கும்போது நமக்கு வெயில் அடிக்கும். பகல் அவர்களைவிடக் குளிர்ச்சி, ராத்திரி அவர்களைவிட வெதுவெதுப்பு. இந்த ஊரின் உண்மையான சுகம் இதுதான் என்பேன்.

ஊர் சின்னது, மூவாயிரம் பேர்கூட இல்லை. 1909-இல் இங்கே வந்த பசிபிக் யூனியன் கல்லூரியைச் சுற்றி வளர்ந்தது. அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது அது. திராட்சை மலையின் உச்சியில் மதுவும் இறைச்சியும் விற்காத கடை என்று கல்லூரிக் கடைக்குப் பெயர் இருந்தது. வெள்ளி அஸ்தமனத்திலிருந்து சனி அஸ்தமனம் வரை அவர்களுக்கு ஓய்வு நாள், வாங்குவதை வியாழக்கிழமையே வாங்கிவிடு. ஆஸ்பத்திரி கீழே டியர் பார்க்கிலேயே இருக்கிறது, சுகந்திக்கும் வேலைக்கு விசாரிக்கலாம். மளிகைக்கு நாபா நகரம், முக்கால் மணி நேரம். நம் சாமான் முழுசாக வேண்டும் என்றால் பே ஏரியாவுக்குத்தான் போக வேண்டும். கான்கார்டில் சிவ முருகன் கோயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். செல்போன் சிக்னலை அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நின்று பார். சுகந்தியின் அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் இணையம் வருகிறதா என்று விற்பவரின் பழைய பில்லைப் பார்ப்பதே நம்பகம்.

கடைசியாக, உன் கருவேப்பிலைச் செடி. அதைக் கொண்டுவராதே. எலுமிச்சை இனத்தைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி கருவேப்பிலையிலும் குடியிருக்கும். உங்கள் ஆரஞ்சு கவுண்டியில் அந்த நோய்க்காகத் தடை வளையம் போட்டிருக்கிறார்கள். செடியையோ பறித்த இலையையோ வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். உன் மற்றத் தொட்டிச் செடிகளும் அப்படித்தான். தென் கலிஃபோர்னியாவில் இருக்கிற ஒருவகைத் தத்துப்பூச்சி திராட்சைக் கொடியைக் காயவைக்கும் பியர்ஸ் நோயைக் கொண்டுவரும், அதன் முட்டை இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தால் இந்த மலை முழுவதும் பாதிக்கும். நாபா கவுண்டி விவசாய ஆணையர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு தொட்டியைக்கூட வண்டியில் ஏற்றாதே. இங்கே வந்த பிறகு சான்றளித்த நர்சரியில் புதுச் செடி வாங்கிக்கொள்ளலாம், பனிக்காலத்தில் வீட்டுக்குள் வைத்தால் பிழைக்கும்.

விற்பவரிடமிருந்து போர்வெல் ரிப்போர்ட்டும் செப்டிக் சீட்டும் வந்தவுடனே எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். வீடு பார்க்க அக்டோபரில் வாருங்கள், வசந்தத்தில் வேண்டாம். போர்வெல் வற்றலாக இருக்கிற மாதமும் அதுதான், காற்று வீசுகிற மாதமும் அதுதான். அத்தைக்கு என் நமஸ்காரம். சுகந்திக்கு ஆசிகள்.

அன்புடன்,
உன் கமலா