முன்னறிவிப்பின்றி ஓய்வூதியத்தை நிறுத்தாதீர்கள்: வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் ஒருவரின் திறந்த மடல்

பெறுநர்:
மத்திய அரசு ஓய்வூதியர்களின் நலனுக்குப் பொறுப்பேற்றுள்ள உயர் அலுவலர்கள் மற்றும் ஓய்வூதியம் வழங்கும் வங்கிகளின் நிர்வாகத்தினர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஓய்வூதியர்கள் தாம் உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டும் என்பதையும், அது பதிவாகவில்லை என்றால் டிசம்பர் மாத ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதையும் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த விதியே கூடாது என்று கேட்பதற்காகவும் இம்மடலை எழுதவில்லை. சென்னையில் கணக்காயர் அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இறந்துபோனவரின் கணக்கில் ஓய்வூதியம் தொடர்ந்து வரவாகிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சான்று கேளுங்கள், தவறாமல் தருகிறோம். ஆனால் நாங்கள் தந்த சான்றிதழ் என்ன ஆயிற்று என்பதை எங்களுக்குத் தெரிவிக்காமலே ஓய்வூதியத்தை நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நிறுத்துவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் வாழும் நாட்டின் அலைபேசி எண்ணையும் பதிவு செய்துகொண்டு, அதன் வழியாக எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

நானும் என் மனைவியும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறோம். பெற்றோருக்குக் கனடா அரசு வழங்கும் சூப்பர் விசாவில் வந்து, இந்தியக் குடிமக்களாகவே வாழ்ந்து வருகிறோம். இங்குள்ள ஓய்வூதியர்களுக்காக இந்தியத் துணைத் தூதரகம் நவம்பர் மாதத்தில் கோயில்களிலும் குருத்வாராக்களிலும் முகாம் நடத்தி வாழ்நாள் சான்றிதழ் வழங்குகிறது. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பிராம்ப்டன் இந்து சபா கோயிலில் இப்படி ஒரு முகாம் நடந்தபோது ஏற்பட்ட வன்முறையும், குறைந்தபட்சப் பாதுகாப்பைக்கூட அளிக்க இயலாது என்று பாதுகாப்பு அமைப்புகள் தெரிவித்ததால் அடுத்து நடக்கவிருந்த முகாம்களில் சிலவற்றைத் துணைத் தூதரகம் ரத்து செய்ததும் நீங்கள் அறிந்தவையே. அந்த முகாம்களுக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அதே மாதம் 15ஆம் தேதி கனடா அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி, டிசம்பர் 17 வரை நீடித்தது. முகாமும் இல்லை, தபாலும் ஓடவில்லை. இந்த நிலையிலும் நவம்பர் 30 என்ற கெடு எங்களுக்கு அப்படியே இருந்தது.

நான் விதிப்படியே நடந்தேன். நடுவர் (மாஜிஸ்திரேட்), நோட்டரி, வங்கி அலுவலர், இந்தியத் தூதரகப் பிரதிநிதி ஆகியோரில் எவரேனும் ஒருவர் கையொப்பமிட்ட வாழ்நாள் சான்றிதழை வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் தம்முடைய அதிகாரம் பெற்ற முகவர் மூலம் அளித்தால், அவர் நேரில் வர வேண்டியதில்லை என்று மத்திய அரசின் ஓய்வூதிய வழங்கல் விதிகளே சொல்கின்றன. எனவே கடவுச்சீட்டைக் காட்டி நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, முத்திரை பெற்று, சென்னையில் என் சார்பில் செயல்பட எழுத்து மூலம் அதிகாரம் பெற்றுள்ள உறவினருக்குத் தனியார் கூரியரில் அனுப்பிவைத்தேன். அவர் அதை வங்கிக் கிளையில் ஒப்படைத்து, நகலில் தேதியுடன் ஒப்புகை முத்திரையும் வாங்கிவிட்டார். கெடு முடிய அப்போது நாள் இருந்தது.

டிசம்பர் மாதக் கடைசி வேலை நாளில் ஓய்வூதியம் வரவில்லை. வெளிநாட்டு நோட்டரியின் முத்திரையை ஏற்கலாமா என்று கிளையில் இருந்த அலுவலருக்கு ஐயம் வந்து, சான்றிதழை மைய ஓய்வூதியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பாமலே வைத்துவிட்டார் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஐயம் எழுந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்கள் எல்லோருக்கும் வருவதுதான் அது. ஆனால் அந்த ஐயத்தை எனக்கு ஒரு வரியில் எழுதியிருந்தால், விதியின் நகலை மறுநாளே அனுப்பியிருப்பேன். என் மின்னஞ்சல் முகவரி அந்த வங்கியிடம் இருக்கிறது. கடன் வாங்கிக்கொள்ளுங்கள், கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற விளம்பரங்கள் அந்த முகவரிக்குத் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு முதியவரின் ஓய்வூதியம் நிறுத்தப்படப் போகிறது என்ற செய்தி மட்டும் ஏன் அங்கு வரவில்லை என்பதற்கு எவரும் எனக்கு விடை சொல்லவில்லை.

அதன்பின் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர்களின் துன்பம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. அங்கே காலை 10 மணிக்கு வங்கி திறக்கும்போது இங்கே முந்தைய நாள் இரவு பதினொன்றரை. தூக்கத்தை விட்டு உட்கார்ந்து அழைத்தால், பதிவு செய்த எண்ணிலிருந்து பேசினால்தான் கணக்கு விவரம் சொல்ல முடியும் என்கிறார்கள். பதிவு செய்த எண் என் பழைய சென்னை எண். அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கிறேன். இணைய வங்கியில் கோரிக்கை பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். செய்யப் போனால் ஓடிபி கேட்கிறது. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வர, சிக்னல் கிடைக்கட்டும் என்று என் மனைவி அந்தச் சிறிய கைபேசியை ஜன்னல் கண்ணாடி ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரோமிங்கில் இருக்கும் அந்த எண்ணுக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். சில சமயம் நாங்கள் படுத்த பிறகு, கேட்டவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். சரி, கனடா எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கேட்டால், எண்ணை மாற்றக் கிளைக்கு நேரில் வர வேண்டும் என்பது பதில். நேரில் வர இயலாததால்தானே சான்றிதழை அனுப்பினேன்? இணையவழி வாழ்நாள் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கும் நன்றி. அதற்கு அடிப்படையான ஆதாரோடு இணைந்திருப்பதும் அதே சென்னை எண்தான்.

சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு இல்லை. குறைந்தது 1,00,000 டாலருக்குத் தனியார் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. எங்கள் வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள இருவருக்கு அதன் தவணை எவ்வளவு இருக்கும் என்று உங்களால் கணக்கிட முடியும். மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அதை என் ஓய்வூதியத்திலிருந்தே கட்டி வந்தேன். ஜனவரித் தவணைக்கு மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதாயிற்று. அவர் முகம் கோணாமல் கொடுத்தார். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எவரிடமும் கைநீட்டிப் பழகாத எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. நிறுத்தப்பட்டது பின்னர் நிலுவையோடு வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள், அந்த இரவுக்கு நிலுவை கிடையாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் பணம் நிலுவையோடு வந்தது உண்மை. எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் விதியின் நகலை எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்று, மேலாளர் முன் உட்கார்ந்து, அவர் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நவம்பரில் ஒப்புகை முத்திரையிட்டு வாங்கப்பட்ட அதே சான்றிதழ்தான் அன்று ஏற்கப்பட்டது. அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்றால், சென்னையில் அப்படி ஒரு நண்பர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஓய்வூதியம் என்பது அரசு மனமுவந்து அளிக்கும் கொடை அன்று, பணியாற்றியவரின் உரிமை என்று டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982 டிசம்பர் 17 அன்று. அந்த நாளைத்தான் நாடெங்கும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். உரிமையை நிறுத்தும் முன் உரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது, நாங்கள் பணியில் இருந்தபோது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். ஊதிய உயர்வு ஒன்றை நிறுத்துவதென்றாலும் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்போம். அந்த மரியாதை ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்குக் கிடையாதா?

வெளிநாட்டில் இருப்பவரின் வங்கிக் கணக்கு எத்தனை விதிகளுக்கு உட்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்றது அந்நியச் செலாவணிச் சட்டம்; மாற்றினோம். மாற்றிய பிறகு வட்டியில் 30 விழுக்காடும் அதன் மேல் செஸ் வரியும் பிடித்தம் செய்யப்படுகின்றன, ஏற்றுக்கொண்டோம். 2023 ஜூலையில் ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் செயலிழந்தபோது, குடியிருப்பு நிலையை வருமான வரித் துறையில் புதுப்பிக்காத வெளிநாடுவாழ் இந்தியர்களின் பான் எண்களும் அவற்றோடு செயலிழந்தன, அதையும் சரிசெய்தோம். ஒரு துறை எங்களை வெளிநாட்டவராகக் கணக்கில் எடுத்து வரி பிடிக்கிறது, இன்னொரு துறை நாங்கள் சென்னையிலேயே இருப்பதாக எண்ணி ஓடிபி அனுப்புகிறது. வரி பிடிப்பதற்கு எங்கள் கனடா முகவரி போதுமானதாக இருக்கிறது. எங்களை அழைத்துப் பேசுவதற்கு மட்டும் கனடா எண் போதாது என்றால் எந்த நியாயத்தில் சேரும்? வெளிநாட்டு அலைபேசி எண்ணைப் பதிவு செய்யும் வசதியை என்.ஆர்.ஐ. வாடிக்கையாளர்களுக்குப் பல வங்கிகள் ஏற்கெனவே தருகின்றன. தொழில்நுட்பம் இல்லை என்று இதில் எவரும் சொல்ல இயலாது. வருமான வரி பற்றிய குறைகள் உங்கள் பொறுப்பில் இல்லாதவை என்பதை அறிவேன், பொறுத்தருள வேண்டும்.

உங்கள் பொறுப்பில் இருப்பவற்றை மட்டும் கேட்கிறேன். 80 வயது கடந்தவர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் 1 முதலே வாழ்நாள் சான்றிதழ் அளிக்கலாம் என்று நீங்களே ஆணையிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மாத அவகாசத்தை வயது வேறுபாடின்றி வெளிநாட்டில் வாழும் எல்லா ஓய்வூதியர்களுக்கும் நீட்டியுங்கள். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் சான்றிதழை ஆண்டின் எந்த மாதத்திலும் அளிக்கலாம், அளித்த நாளிலிருந்து 12 மாதங்கள் அது செல்லும் என்ற முறை 2020 முதல் இருக்கிறது. அதை எங்களுக்கும் பொருத்த முடியுமானால், தூதரக முகாம்களில் ஒரே மாதத்தில் முதியவர்கள் குவிய வேண்டிய தேவையே இருக்காது. காணொளி மூலம் சான்றிதழ் பெறும் வசதியைப் பாரத ஸ்டேட் வங்கி 2021 நவம்பரில் தொடங்கியது. இத்தகைய வசதியை ஓய்வூதியம் வழங்கும் எல்லா வங்கிகளிலும், இந்திய எண் கட்டாயம் இன்றி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் திறந்துவிட ஆவன செய்யுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எங்கள் பகுதியில் குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மையார் ஒருவர் பிள்ளைகளோடு கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டவர். ஆதார் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நாட்டை விட்டு வந்ததால் அவரிடம் ஆதார் இல்லை. எனவே 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாணும், பின்னர் வந்த முக அடையாள முறையும் அவருக்குப் பயன்படா. அவருக்கு உள்ள ஒரே வழி தாளில் பெற்ற சான்றிதழ்தான். செயலி வந்துவிட்டது என்பதற்காகக் கிளைகள் அந்தத் தாளை இரண்டாம் தரமாகப் பார்க்கத் தொடங்கினால் அவருக்குப் போக்கிடம் இல்லை. நோட்டரி கையொப்பம் செல்லும் என்ற விதியைத் தெளிவாக எழுதி, ஒவ்வொரு கிளைக்கும் அக்டோபருக்கு முன் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இவை அனைத்தையும் உடனே செய்ய இயலாது என்பதை அரசு அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் உணர்கிறேன். ஆனால் முதலில் சொன்ன ஒன்றுக்குப் புதிய மென்பொருளோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. சான்றிதழ் வந்து சேர்ந்ததும் ஒரு மின்னஞ்சல். அதில் குறை இருந்தால் என்ன குறை என்று இன்னொன்று. நிறுத்தப் போகிறோம் என்றால் நிறுத்துவதற்கு முன் ஒன்று. எங்கள் முகவரிகள் உங்களிடம் உள்ளன. வரும் நவம்பருக்குள் இந்த ஏற்பாட்டையாவது நடைமுறைப்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர்,
ஸ்கார்பரோ, ஒன்டாரியோ.