டப்பாவில் போடாத வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மூளையைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த மாத்திரைகள் அணைக்கிற ஃப்ரீ ரேடிக்கலை (கண்டதோடெல்லாம் சட்டென்று வினைபுரியும் நிலையற்ற மூலக்கூறு) வீட்டுக்குள் புகுந்த திருடன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தியவன் என்பதால் மட்டுமல்ல, எங்கள் வீட்டிலேயே நடந்ததாலும் எழுதுகிறேன்.

மதினிக்கு மூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சுக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஆறு வாரம் போய்வந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் (ஆள் சேர்த்து விற்கிற வியாபாரம்) 2,400 ரூபாய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு மாத்திரையும் புளியங்கொட்டை பருமன். தோசைமாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, அண்ணன் இரண்டு வேளையும் கொடுத்தார். பத்தாம் நாள்தான் டாக்டர் டப்பாவைப் பார்த்தார். "நான் தீ வைக்கேன், நீங்க பின்னாலயே தண்ணி ஊத்துதீய" என்றார்.

அவர் சொன்னது சரி. கதிர்வீச்சு செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து ஃப்ரீ ரேடிக்கல்களை உண்டாக்குகிறது. கட்டியின் டிஎன்ஏவை வெட்டுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். அந்த நேரத்தில் அவற்றை அணைக்கிற மாத்திரை எதற்கு?

இன்னொன்றும் உண்டு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, ஃப்ரீ ரேடிக்கல்களுக்கு நெருங்கிய உறவான அந்த ஹைட்ரஜன் பெராக்சைடை நம் செல்களே துளித்துளியாகத் தயாரிக்கின்றன. அந்த அளவில் அது விஷமல்ல, தகவல். காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைக்கிறது. புதிய செல்களை உருவாக்கும் மூளையின் குருத்துச் செல்கள் (ஸ்டெம் செல்கள்) பெருகவும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. உடம்பு எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 20 சதவீத ஆக்சிஜனைச் செலவழிப்பதால் இவை அங்கே நிறைய உண்டாகும், அளவு மீறினால் நரம்புச் செல்லுக்குக் கேடு என்பதும் உண்மை. அதற்காகவே செல்லுக்குள் நர்ஃப்-2 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்து வந்தால் பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். சில புற்றுநோய்ச் செல்களிலோ அது அடங்குவதே இல்லை. அந்தப் பாதுகாப்பிலேயே கட்டி வளர்கிறது. குளத்து மடையைத் திறந்தால் நெல்லுக்கும் கோரைக்கும் ஒரே தண்ணீர்தானே.

மாத்திரை விஷயத்தில் அனுபவமும் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனை 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்! 2014இல் சுவீடனில் எலிகளுக்கு இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டான வைட்டமின் ஈ கொடுத்தபோதும் நுரையீரல் கட்டி வேகமாக வளர்ந்தது. மூளைக்கட்டிக்கும் அப்படியே என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். சாப்பாட்டில் சேர்க்கிற நெல்லிக்காய், மஞ்சள் மேல் எனக்கு வழக்கு இல்லை.

கதிர்வீச்சோ கீமோவோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம் என்று அடுத்த இணைப்பில் ஒரு வரி போடுங்கள். டப்பாவில் அதைப் போட மாட்டார்கள். அண்ணன் திருப்பிக் கொடுக்கப் போனார். பிரித்த டப்பாவை வாங்க மாட்டார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்