வெள்ள மட்டம் கேளாமல் வீடு வாங்குகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் காணி, வீட்டு விளம்பரங்களைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற வகையிலும், உள்ளூராட்சி மன்றமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், மட்டக்களப்பு நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்குவோரின் விருப்பங்கள் மாறிவரும் விதம் குறித்து எழுத வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் இங்கு வீட்டை யாரும் வாங்கியதில்லை என்றே சொல்லலாம். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்துவைப்பது கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. தாயின் வளவிலேயே ஒரு பங்கைப் பிரித்து, ஒரு வருடம் அத்திவாரம், மறு வருடம் சுவர், பிறகு கூரை என்று காசு சேரச் சேரக் கட்டுவார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்ததில் வளவுகள் சுருங்கின. காத்தான்குடியில் இனிப் பிரிப்பதற்கு இடமில்லை என்பதை அங்குள்ள ஒழுங்கைகளில் நடந்தவர்கள் அறிவார்கள். அதன்மேல் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்து, ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தொட்டபோது, சிறுகச் சிறுகக் கட்டும் முறை பல குடும்பங்களுக்குக் கைகொடுக்காமல் போயிற்று. ஆகவே பெற்றோர் இப்போது கட்டி முடித்த வீட்டைத் தேடுகிறார்கள்.

அவர்கள் கேட்பவையும் மாறியிருக்கின்றன. மேல்மாடி, டைல்ஸ் பதித்த தரை, அறையோடு இணைந்த குளியலறை, வாகனம் நிறுத்தப் போட்டிகோ, பிரதான வீதிக்கு அண்மை ஆகியவை முதலில் கேட்கப்படுகின்றன. பின்வளவு, கிணறு, தென்னை பற்றிய பேச்சே எழுவதில்லை. இவ்விருப்பங்களை நான் குறை கூறவில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கும் குசினி வசதியல்ல. முதியவர்கள் மழை இருட்டில் முற்றம் கடந்து மலசலகூடம் போகத் தேவையில்லாதிருப்பது பெரிய ஆறுதல். எனது கவலை வேறு. சீதனமாகக் கொடுக்கும் வீடு மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்தியாக இருக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் பெற்றோர் கண்ணுக்குத் தெரிபவற்றுக்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். கட்டி விற்பவர்களும் அதற்கேற்பவே கட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நிலமும் நீரும் பேரத்திலிருந்து முழுமையாக விலகிவிட்டன.

எமது நகரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். புளியந்தீவு வாவியால் சூழப்பட்ட தீவு. கல்லடியிலிருந்து தெற்கே ஆரையம்பதி வரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டு. கார்த்திகையிலும் மார்கழியிலும் மேற்கேயுள்ள குளங்களும் வயல்களும் நிரம்பி வழியும் நீரெல்லாம் வாவிக்கே வருகிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால், அதை வெட்டிவிடும் வரை நீர் வடியாது. 2011 ஜனவரியில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாறிருந்தும், தாழ்ந்த காணிகளில் கிரவல் மண் கொட்டி மட்டம் உயர்த்தித் துண்டு துண்டாக விற்பது ஆண்டுதோறும் கூடி வருகிறது. வயற்காணியை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அனுமதி உண்டா என்று கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? பின்னர் வருபவர் முன்னவரைவிட ஒரு அடி கூடுதலாக நிரப்புகிறார். அந்த நீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. பத்து வருடங்களுக்கு முன் நல்ல உயரத்தில் நின்ற வீடு இன்று வீதியைவிடத் தாழ்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது நாம் பின்பற்றிவந்த பொது அளவு. காணியை அளக்கும் பேர்ச் என்ற அலகு 272 சதுர அடிக்குச் சற்று மேல். ஆகவே பத்துப் பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். அதற்குள் வீடும் கட்டி, கிணறும் தோண்டி, குழியும் அமைத்தால் அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? நம்முடைய குழியைத் தள்ளி வைத்தாலும் அயலவரின் குழி மதிலுக்கு அப்பால் நிற்கும். மணல் நிலத்தில் கழிவுநீர் விரைவாக ஊறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருவதால் கிணறு வேண்டாம் என்று எண்ணுபவர்கள், குழாய் நின்ற நாளில் அதே கிணற்று நீரைத்தான் அள்ளுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணம் அனுப்பி வீடு வாங்கும் உறவினர்கள் வருவது ஆடி, ஆவணி மாதங்களில், பாடசாலை விடுமுறையோடும் மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடும் ஒட்டித்தான். அப்போது நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். எந்தக் காணியும் நல்ல காணியாகவே தெரியும். கைப்பேசியில் வீடு பார்த்து முற்பணம் கொடுப்போருக்கு அந்தளவும் தெரியாது. இயலுமானவர்கள் மார்கழி மழையில் ஒரு தடவையாவது அவ்வீதியில் நடந்து பார்க்க வேண்டும். இயலாதவர்கள் அயல்வீட்டாரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் 2011 இல் நீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று கேட்க வேண்டும். கட்டி முடித்த வீடு எனில், அது அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கான உள்ளூராட்சி மன்றச் சான்றிதழைப் பார்க்காமல் காணி உறுதிப் பத்திரம் எழுதக் கூடாது.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் காணித் துண்டாடலுக்கு அனுமதி வழங்கும்போது, 2011 வெள்ள மட்டத்தையும் மழைநீர் வடிந்து செல்லும் வடிகானையும் வரைபடத்தில் குறிக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும். தங்கள் பத்திரிகையும் தன் பங்குக்கு, வீட்டு விளம்பரம் தருவோரிடம் அறைகளின் எண்ணிக்கையோடு காணி நிரப்பப்பட்டதா, குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் என்ன என்ற இரண்டு விபரங்களையும் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.