ஓவியக் கூடங்களை நடத்துபவர்களுக்கு: பென்சிலை உள்ளே விடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பெண் ஓவியர்களின் கண்காட்சி எங்கே நடந்தாலும் முடிந்தவரை போய்விடுவேன். நானும் வரைகிறவள். கை ஓடாத நாட்களில் இன்னொருத்தி எப்படி வரைந்திருக்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எனக்கு வேலை நகரும். அண்மையில் அப்படிப் போன ஒரு கூடத்தில் நோட்டைத் திறந்ததுமே காவலர் வந்து தடுத்தார். செல்போனில் படம் எடுக்கலாம், வரையக்கூடாது என்பது அங்கே விதி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த விதியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பாரிஸின் எக்கோல் தெ போஸார் கலைக்கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதற்கு முன் பெர்த் மொரிசோ போன்ற பிரெஞ்சுப் பெண் ஓவியர்கள் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தே கை பழகினார்கள். கல்லூரி மூடிய கதவை அருங்காட்சியகம் திறந்து வைத்திருந்தது.

நம் நாட்டு ஓவியர் அமிர்தா ஷெர்கில் 1930களின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் படித்தார். ஆனாலும் அவருடைய கையை மாற்றியது அஜந்தாவும் கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களும்தான். மட்டாஞ்சேரியில் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்புறம் 1937-இல் வந்தவைதான் ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார் ஓவியம் எல்லாம். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ள ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தைப் பாருங்கள். ஐந்து பேர், வெள்ளை வேட்டி. வெள்ளை என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒரு மடிப்பில் இருக்கும் வெள்ளை அடுத்த மடிப்பில் இல்லை. போட்டோவில் இது தட்டையாகிவிடும். எதிரே உட்கார்ந்து ஒரு மடிப்பையாவது பென்சிலால் தொடர்ந்து பார்த்தால், அவர் எங்கே நிறத்தை மாற்றினார் என்று கண்ணுக்குப் பிடிபடும். எனக்கு வேண்டிய ஊக்கம் இதுதான்.

மையும் வண்ணமும் வேண்டாம், அது ஓவியத்துக்கு ஆபத்து என்பது புரிகிறது. பென்சிலும் சின்ன நோட்டும் போதும். கூடவே, மடக்கு முக்காலி சிலவற்றை வாசலில் வையுங்கள். முட்டிவலியோடு வரும் வயதான பெண்களும் அப்போது நின்று களைக்காமல் வரையலாம். இன்னொன்று, பெண் ஓவியர்களின் கண்காட்சி வைக்கும்போது அவர்களுடைய பயிற்சி நோட்டுகள் கிடைத்தால் அவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். முடிந்த ஓவியத்தைப் பார்த்து மலைத்துப்போகிற பெண்பிள்ளைகளுக்கு, அடித்து அடித்துத் திருத்திய கோடுகள்தான் தெம்பு தரும்.

எல்லா நாளும் முடியாது என்றால் சரி, கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில் மட்டும் தொடங்கிப் பாருங்கள். வழியை மறிக்காமல் ஓரமாக உட்கார்ந்து வரைய நாங்கள் தயார்.

அன்புடன்,
வரைகிற ஒருத்தி