கால் விறைப்பும் ஒரு மீற்றர் நீளக் கலமும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மட்டக்களப்பிலேயே நியமனம் கிடைத்தது பெரிய சந்தோசம். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் ஏ.எல். உயிரியல் படிக்கிறான். நரம்புத்தொகுதிப் பாடத்தை எனக்கு ஒப்புவித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறான்.

நீ இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போன விசயம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. பாதம் விறைக்கிறது, இரவில் எரிகிறது, செருப்புக் கழன்றதுகூடத் தெரியவில்லை என்கிறாய். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதே மச்சான். சீனி வருத்தம் உனக்கு நேற்று வந்ததில்லையே. கைக்கு ஒன்றுமில்லை, பாதத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருந்தாய். நரம்புக்கலத்தின் அமைப்பிலேயே அதற்கு விடை இருக்கிறது.

பெருவிரலில் தொடுகையை உணரும் கலத்தின் உடல் காலில் இல்லை. இடுப்பருகே, முள்ளந்தண்டை ஒட்டிய சின்ன முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஓடுவது அதே கலத்தின் ஓர் இழை, ஆக்சன். ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். தடிப்போ தலைமயிரைவிட எவ்வளவோ குறைவு.

இந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி கலவுடலில்தான் தயாராகிறது. இழைக்குள் நுண்குழாய்கள் உண்டு. கைனெசின் என்ற புரதம் பொதியைச் சுமந்துகொண்டு அவற்றின்மேல் அடியெடுத்து நடக்கிறது! விரைவாகப் போகும் பொதியே நாளுக்கு 400 மில்லிமீற்றர் அளவுதான். விரலுக்குப் போய்ச்சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மெதுவாகப் போகும் புரதங்கள் நாளுக்குச் சில மில்லிமீற்றர்தான் நகரும்; அவற்றுக்கு மாதக்கணக்கு. இரத்தத்தில் சீனி கூடி நுண்ணிய இரத்தக்குழாய்களையும் நரம்பையும் கெடுக்கும்போது, மிக நீளமான இழைகளின் நுனிதான் முதலில் அடிபடுகிறது. அதனால்தான் விறைப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. கைக்கு வருவது பிறகுதான்.

புலன், இடை, இயக்கம் என மூன்று வகை நரம்புக்கலங்களைச் சின்னவன் ஒப்புவிப்பான். உனக்கு இப்போது தொல்லை பெரும்பாலும் உணர்வைக் கொண்டுபோகும் புலன் கலங்களில், தசையை அசைக்கும் இயக்கக் கலங்களில் அல்ல. ஆகவே நடக்க முடிகிறது, நிலத்தை உணர முடியவில்லை. எரிவைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் அவற்றில் செய்தி வரும். தொடுகை இழைகள் உறை போர்த்தவை, பல மடங்கு விரைவு. கல்லில் கால் இடித்தால் இடித்தது முதலில் தெரிந்து, கடுப்பு ஒரு கணம் பிந்தி வருவது இதனால்தான்.

எனக்குப் பயம் எரிவைப் பற்றியல்ல. எரிவும் அடங்கி, நோவே தெரியாமல் போவதுதான் ஆபத்து. முள் குத்தினாலும் தெரியாது, புண் பெருத்த பிறகுதான் கண்ணில் படும். ஆடியில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனால் கொதிமணலில் வெறுங்காலோடு நிற்காதே. இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார். உனக்குக் குனிய முடியாவிட்டால் தங்கச்சியைப் பார்க்கச் சொல். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தாங்களாகச் செய்யாவிட்டால் நீயே கேள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்தால் இது மேலே ஏறும் வேகம் குறையும்.

அங்கே என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. இந்த முறை இரண்டு வரி போதாது.

அன்புடன்,
நாதன்