இளைஞர் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வருகை தந்திருக்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தர் அவர்களே, கழக உறுப்பினர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மயானச் சிரமதானம், கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கான தொண்டர் வேலை, சாதாரண தரப் பிள்ளைகளுக்கான கணித வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. விபரம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தரப்பட்ட நேரத்தை நான் ஒரே விடயத்துக்குச் செலவழிக்கப் போகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழும்பி, "பொடியனுகள் எல்லாம் போனுக்குள்ளதான் கிடக்கிறானுகள், கழகத்துக்கு ஆரு வாறான்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் புதிய நிர்வாகம் கூடியபோது முதலில் எடுத்த விடயம் அதுதான். சரி, போனுக்குள் கிடப்பவர்களைப் போனுக்குள்ளேயே போய்க் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் முதலில் குழப்பம். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையானவர்களை இளைஞர் என்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் எல்லாரும் ஓரிடத்தில் இல்லை. உயர்தரம் படிப்பவர்கள் வகுப்புக்காக வாவி கடந்து களுவாஞ்சிகுடிக்கும் மட்டக்களப்பு நகருக்கும் போய், இருட்டித்தான் வீடு திரும்புகிறார்கள். பெரும்போக வேளாண்மைக் காலத்தில் பல தம்பிமார் வயல் வாடியில் (காவல் குடிலில்) யானைக் காவலில் கிடக்கிறார்கள். கொழும்பில் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கட்டாரில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னேரக் கூட்டம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள் என்ற நிலையில் இருக்கும் தங்கைமார் இருக்கிறார்கள். கோயில் ஒலிபெருக்கியும் வாசிகசாலை மதிலில் ஒட்டும் அறிவித்தலும் இவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்?

கழகத்தின் முகநூல் பக்கம் ஏற்கெனவே இருந்தது. அதில் விளையாட்டுப் போட்டிப் படங்களும் மரண அறிவித்தல்களும் வரும். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார், சித்தப்பாமார், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள். அவர்களுக்கு அது வேண்டும். வாசிகசாலைக்குப் புத்தக அலுமாரி வந்ததுகூட அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒருவரின் தயவில்தான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையைத் தேடினால் அங்கே கிடையாது. அதோடு, 2018 ஜனவரியில் முகநூல் தன் முறையை மாற்றி, பக்கங்கள் போடுவதைவிட நண்பர்களும் உறவினர்களும் போடுவதையே முன்னுக்குக் காட்டத் தொடங்கியது. பக்கத்துக்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருந்தாலும், நாங்கள் போடும் அறிவித்தல் அவர்களில் சிறு பகுதியினரின் கண்ணில்தான் படும். லைக்கை எண்ணி ஆளை எண்ணியதாக நினைக்கக் கூடாது என்பது என் கருத்து. பக்கத்தை மூடவில்லை, அது பெரியவர்களுக்காகத் தொடர்கிறது.

டிக்டொக்கில் நடந்தது வேறு கதை. இதில் நிர்வாகத்துக்குப் பெரிய பங்கில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சிலர் கூத்துக் களரியில் பழக்கம் (ஒத்திகை) நடக்கும்போது வடமோடிக் கூத்தின் ஆட்டத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் போட்டார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், காலை மாறி வைத்த பொடியனுக்கு ஏச்சு விழுகிறது, அவ்வளவுதான் வீடியோ. டிக்டொக் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் காட்டுவதில்லை, முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் "எப்ப பழக்கம்? நாங்களும் வரலாமா?" என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே வந்தார்கள். அண்ணாவியார் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் பழக்கத்துக்கு வரும்போது சால்வை புதிதாக இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு நிர்வாகமும் ஒரு வீடியோ செய்தது. தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்து "அன்பார்ந்த இளைஞர் யுவதிகளே" என்று தொடங்கினார். அது ஓடவில்லை. (தலைவர் மன்னிக்க வேண்டும்.) பிள்ளைகள் தாங்களாகவே எடுத்ததுதான் ஓடியது. எனவே என்ன போடுவது, எப்படிப் போடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டு, போடக் கூடாதவை எவை என்பதை மட்டும் நிர்வாகம் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

இந்த ஆண்டில் உண்மையான சேவையாக நான் கருதுவது வட்ஸ்அப் வழியாக நடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரசின் அறிவித்தல் ஏடான வர்த்தமானி வெளிவருகிறது. அரச வேலைக்கும் போட்டிப் பரீட்சைக்கும் விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சிறிய எழுத்தையும் நீண்ட நிபந்தனைகளையும் போனில் விரித்து வாசிக்க யாருக்குப் பொறுமை? எங்கள் உறுப்பினர்களான இரண்டு பட்டதாரிகள் அதை வாசித்து, என்ன வேலை, என்ன தகைமை, முடிவுத் திகதி எது என்று சுருக்கி எழுதுகிறார்கள். கூடவே எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு குரல்பதிவும் போடுகிறார்கள். எழுத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்பவர்கள்தான் அதிகம். வாடியில் காவலில் இருப்பவனுக்கு அது வசதி. "மறுகா ஒருக்காப் போடுங்க அண்ண, விளங்கல்ல" என்று பதில் வந்தால் திரும்பவும் விளங்கப்படுத்துகிறார்கள்.

தொழிற்பயிற்சி அறிவித்தல்களும் இப்படியே போகின்றன. உயர்தரம் சரிவராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்த சிலருக்கு, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்தால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்று சான்றிதழ் கிடைக்கும், அதிலிருந்து 5, 6 என்று டிப்ளோமா வரை ஏறலாம், 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பது புதிய செய்தி. கேள்விகள் வட்ஸ்அப் குழுவில் வருவதில்லை, தனியாகத்தான் வருகின்றன. பரீட்சையில் தவறியதை நாலு பேர் முன்னால் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. தனியாக வரும் கேள்விக்கு அன்றைக்கே பதில் போனால் அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியும் கேட்கும். நாலு நாள் கழித்துப் பதில் போட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

ஒரு தம்பி, தாய்லாந்தில் கணினி வேலை, டொலரில் சம்பளம், முகவருக்குக் காசு கட்டத் தேவையில்லை என்ற விளம்பரத்தை அனுப்பி, போகலாமா என்று கேட்டார். இப்படிப் போன இலங்கை இளைஞர்கள் தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகளை அவருக்கு அனுப்பினோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கச் சொன்னோம். அவர் போகவில்லை. அதன்பிறகு அந்தச் செய்தியைக் குழுவில் எல்லாருக்கும் போட்டோம். பொறி விரிப்பதும் அதே போனில்தான் என்பதால் எச்சரிக்கையும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

பெற்றோர் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். 15, 16 வயதுப் பிள்ளை இளைஞர் கொள்கைப்படி இளைஞர்தான். ஆனாலும் 18 வயது நிரம்பும் வரை சட்டப்படி அது பிள்ளை. சாதாரண வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அந்தப் பிள்ளையின் இலக்கம் குழுவில் உள்ள எல்லார் கண்ணிலும் படும். முகம் தெரியாத இலக்கங்களிலிருந்து தொல்லை வருகிறது என்று இரண்டு தாய்மார் முறையிட்டார்கள். அவர்கள் முறையிட்டது நியாயம். ஆகவே பொது அறிவித்தல்களை 2023இல் அறிமுகமான வட்ஸ்அப் சேனலுக்கு மாற்றினோம். அதில் பின்தொடர்பவர்களின் இலக்கம் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தைக்கான குழு சிறியதாக, எங்களுக்குத் தெரிந்தவர்களோடு மட்டும் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு நிர்வாகத்தில் எவரும் சொந்தப் போனிலிருந்து தனிப்படப் பேசுவதில்லை. கழகப் போனிலிருந்துதான் பதில் போகும், அதை இரண்டு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் பெண். பெண்பிள்ளைகளின் படத்தை அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்காமல் போடுவதில்லை. கேட்டபின் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதும் இல்லை. மனச் சோர்வு பற்றி எழுதும் பிள்ளைகளுக்கு 1926 இலக்கத்தையும், சிறுவர் துன்புறுத்தல் என்றால் 1929 இலக்கத்தையும் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு இருந்துவிடாமல் மறுநாள் விசாரிக்கிறோம்.

நவம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நவம்பர் 25ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. அடுத்த நாளே மழையும் வெள்ளமும் கூடி, 27ஆம் திகதியிலிருந்து பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது டிசம்பர் 4ஆம் திகதி. அந்த இடைப்பட்ட நாட்களில் வந்த வதந்திகளுக்குக் கணக்கில்லை. பழைய கடிதத்தில் திகதியை மாற்றி அனுப்பியதுகூட வந்தது. பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைத் தவிர வேறெதையும் கழகச் சேனலில் போடுவதில்லை என்று இருந்தோம். "கழகம் போடட்டும் பாப்பம்" என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னபோது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மதரசா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோன செய்தி வந்தது. அந்தப் பிள்ளைகளின் படங்கள் எதையும் எங்கள் குழுவில் பகிர வேண்டாம் என்று உடனே எழுதினோம். ஒருவரும் பகிரவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் எந்தப் பாதை மறிபட்டது என்ற தகவலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

மின்சாரம் போய் போன்கள் செத்த பிறகு இது ஒன்றுக்கும் உதவவில்லை. தாழ்ந்த பகுதி வீடுகளுக்குப் பிள்ளைகள் நடந்தும் தோணியிலும் போய்த்தான் செய்தி சொன்னார்கள். அப்படிப் போனபோது, சேனலைப் பற்றிக் கேள்வியேபடாத வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்று தெரியவந்தது. சில வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். சில பிள்ளைகளிடம் போன் உண்டு, டேட்டா போடக் காசில்லை. படிப்பை இடையில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி முதலில் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். சேனலில் போட்டாயிற்று, ஊருக்கே தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டால் இவர்கள் முன்பைவிட இன்னும் தூரமாகிவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு முக்கிய அறிவித்தலையும் கையால் எழுதி, வீடு வீடாகப் போகும் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். அப்படிக் கூப்பிட்டு வந்தவர்கள் சிலர் இன்று இங்கே இருக்கிறார்கள்.

தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் கழகப் பதிவைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. பத்திரங்களில் கையொப்பமிடாத உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

அடுத்த நிர்வாகத்துக்கு மூன்று விடயங்களைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். கழகப் போனின் சிம் இப்போது என் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. அது புதிய செயலாளரின் பெயருக்கு மாற வேண்டும். முகநூல், டிக்டொக் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் கட்டாருக்கு விமானம் ஏறிய அட்மினைத் தேடிப்பிடிப்பது இலேசான வேலையல்ல. வீடு வீடாகப் போகும் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டி டியூப், டயர் செலவுக்குச் சிறு தொகை ஒதுக்க வேண்டும். டேட்டாவுக்கு ஒதுக்கும்போது இதற்கும் ஒதுக்குவதில் பொருளாளருக்கு ஆட்சேபனை இருக்காது என்று நம்புகிறேன். மூன்றையும் யாராவது வழிமொழியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்