ஊசிக்கு முன் சினைப்பையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறவை மாடுகள் சினை பிடிக்காமை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவை பற்றி அதில் கூறப்பட்டவை சரியே. ஆனால், பருவத்துக்கு வராத மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டால் போதும் என்ற பொருளில் ஒரே வரியில் முடித்திருப்பது மாடு வளர்ப்போருக்கு இழப்பையே தரும்.

பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாட்கள். மூளையிலிருந்து வரும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சுரக்கும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன், கருமுட்டை உருவாகும் உறுப்பான சினைப்பையில் கருமுட்டைக் கொப்புளங்களை அலை அலையாக வளர்க்கிறது. ஒரு சுழற்சியில் இத்தகைய அலைகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ எழும். ஒவ்வோர் அலையிலும் ஒரு கொப்புளம் மட்டும் முந்தி வளர்ந்து, தான் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் ஆகிய ஹார்மோன்களால் எஃப்எஸ்எச் அளவைக் குறைத்து, மற்றவற்றை வாடச் செய்துவிடுகிறது. அப்படி முந்தியதும்கூட, முன்பு கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவான மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும் வரை வெடித்துக் கருமுட்டையை வெளியிட முடியாது. கரு தங்கியிருந்தால், ஏறத்தாழ 16ஆம் நாளில் அது வெளியிடும் இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதம் மஞ்சள் உடலத்தைக் காப்பாற்றும். கரு இல்லையெனில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அதைக் கரைத்துவிடும். அதன் பிறகுதான் பருவ அறிகுறிகளும், கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் என்ற ஹார்மோனின் எழுச்சியும், கருமுட்டை வெளியேற்றமும்.

பருவத்துக்கு வரவழைக்க நாம் பெரும்பாலும் போடுவது இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். முதிர்ந்த மஞ்சள் உடலம் இருந்தால் பொதுவாக 2 முதல் 5 நாட்களுக்குள் மாடு பருவத்துக்கு வரும். உருவாகி 5 நாள்கூட ஆகாத இளம் மஞ்சள் உடலம் இந்த ஊசிக்குக் கரையாது. கன்று ஈன்றபின், உண்பதைவிடப் பாலில் இழப்பது மிகுந்து, எல்எச் துடிப்புகள் குன்றிச் சினைப்பை ஓய்ந்து கிடக்கும் மாட்டிலோ கரைவதற்கு எதுவுமே இல்லை. அதற்குத் தேவை முதலில் தீவனம். இவற்றிலெல்லாம் மோசமானது, மாடு ஏற்கெனவே சினையாக இருப்பதால் பருவத்துக்கு வராமலிருக்க, அதை அறியாமல் இந்த ஊசியைப் போட்டுக் கருவைக் கலைத்துவிடுவது. சினைப் பரிசோதனை செய்யாததால் இப்படிக் கலைந்தவற்றை நான் பணியில் பார்த்திருக்கிறேன்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, வாலிலும் பின்தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் இரத்தக் கறை. இதைக் கண்டதும், போட்ட சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) நிற்கவில்லை என்று முடிவுகட்டி, மறுநாளே மீண்டும் சினை ஊசி போடச் சொல்வோர் உண்டு. பருவம் முடிந்து ஓரிரு நாட்களில், ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்குவதால் கருப்பையின் உட்சவ்விலிருந்து கசியும் இரத்தமே அது. சினை பிடித்ததா இல்லையா என்பதை அது காட்டாது. பருவம் கடந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டும். அந்தத் தேதியைக் குறித்துவைத்து, 16ஆம் நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் கூர்ந்து கவனித்தால், சினை பிடிக்காத மாட்டின் அடுத்த பருவத்தைத் தவறவிடாமல் பிடிக்கலாம். பல மாடுகளுக்கு ஹார்மோன் ஊசியே தேவைப்படாது.

ஆகவே, கால்நடை மருத்துவர் கையாலோ ஸ்கேன் கருவியாலோ சினைப்பையையும் கருப்பையையும் சோதித்த பின்னரே ஹார்மோன் ஊசி போட வேண்டும் என்ற திருத்தத்தைத் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவப் பணியிலுள்ள ஒரு வாசகர்